நடிகை சீதேவிப்பிள்ளையின் நெஞ்சு

ஆரையம்பதியில் வாவிக்கரையோரம் ஒரு சலவைக் கொட்டில் இருக்கிறது. பாசிக்குடா ஹோட்டல்களில் வெள்ளைக்காரர் படுத்தெழும்பிய விரிப்புகள் எல்லாம் அங்கேதான் வெளுக்கும். நான் அந்தக் கொட்டிலுக்கு வான் ஓட்டுகிறவன். அழுக்கு மூட்டையைக் கொண்டுவந்து இறக்குவேன், வெளுத்த மூட்டையை ஏற்றிக்கொண்டு போவேன். இடையில் காத்திருக்கிற நேரத்தில் ஊர்க்கதை கேட்பேன். கேட்டதை அடுத்த இடத்தில் கொஞ்சம் உப்புப் போட்டுச் சொல்வேன். சீதேவிப்பிள்ளையின் கதைக்கு மட்டும் உப்புப் போடவில்லை. நினைத்தாலே வயிறு எரிகிற கதைக்கு உப்பு எதற்கு?

சீதேவிப்பிள்ளைக்கு ஐம்பது தாண்டிவிட்டது. எனக்கு அக்கா முறை. குமராக இருந்த காலத்தில் வவுணதீவு வயல்வட்டைகளில் கதிர் அறுத்தவர். ஆம்பிளைகளுக்குச் சமமாக அறுத்துவிட்டு, கூலி குறைந்ததென்று வயல் சொந்தக்காரப் போடியாரோடு சண்டையும் பிடித்துவிட்டுத்தான் வீடு வருவார். பிறகு குவைத்துக்குப் போனார். அங்கே ஒரு பெரிய வீட்டின் கம்பளங்களை வருசக்கணக்கில் அடித்து உதறி, ஆரையம்பதியில் கல்வீடு கட்டினார். எங்கள் பக்கத்து வழக்கப்படி அந்த வீடு மகளுக்குச் சீதனமாய்ப் போய்விட்டது. இப்போது அவரும் புருசன் கதிர்காமத்தம்பியும் அதே வளவின் பின்பக்கம் தகரம் போட்ட அறை ஒன்றில் இருக்கிறார்கள். கதிர்காமத்தம்பி வாவியில் வலை வீசுகிறவர். அவரும் மீன் மாதிரித்தான். வாய் திறக்கும், சத்தம் வராது.

அக்காவைத் தங்கமான மனுசி என்று நான் சொல்ல வரவில்லை. பொல்லாத வாய். என் பெண்சாதி தலைக்கு மை அடிக்கிற விசயத்தைக் கொட்டிலில் போட்டு உடைத்தவரே இவர்தான். ஆனால் வேலைக் கள்ளி என்று அவரை எவனாவது சொன்னால், அவன் கண்ணிலே கோளாறு.

அப்படிச் சொன்னவன் சிவதர்ஷன். கொட்டிலுக்குச் சுப்பவைசர். முதலாளி கொழும்பில் இருப்பதால் இங்கே இவன்தான் முதலாளி மாதிரி. கொட்டிலில் துவைக்கிற மெசின் ஓடும். பிழிகிற மெசின் எப்போதோ செத்துவிட்டது. அதன் மூடிமேல்தான் சிவதர்ஷன் தேத்தண்ணிக் கோப்பை வைப்பான். திருத்த ஆள் கூப்பிடட்டுமா என்று முதலாளியிடம் ஒருதரம் கேட்டானாம். "பொம்பிளையள் இருக்கினம்தானே" என்று பதில் வந்ததாம். அதோடு மெசின் தேத்தண்ணி மேசையாகிவிட்டது.

ஆகவே எல்லாவற்றையும் பெண்கள் கையால் பிழிய வேண்டும். இரட்டைக் கட்டில் விரிப்பு நனைந்தால் ஒரு ஆட்டுக்கடா பாரம். இரண்டு பேர் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு முனையைப் பிடித்து, ஒருவர் இந்தப் பக்கமும் மற்றவர் அந்தப் பக்கமும் முறுக்குவார்கள். தண்ணீர் சொட்டுவது நின்றதும் ஒருத்தி "விடு" என்பாள். அதைக் கேட்ட பிறகுதான் மற்றவள் கையை விடலாம். கேட்காமல் விட்டால் முறுக்கு தெறித்து எதிரே நிற்பவள் சீமெந்துத் தரையில் போய் விழுவாள். காத்தான்குடியில் இருந்து வருகிற ஸஹீதா, வந்த புதிதில் அப்படி விழுந்து முன்பல்லை உடைத்துக்கொண்டாள். அன்றிலிருந்து கொட்டிலில் அது சட்டம். கை கழன்று போனாலும் "விடு" காதில் விழாமல் விடக்கூடாது.

ஸஹீதாவுக்கு எதிர்முனை பிடிப்பவர் சீதேவியக்கா. ஒரு நாள் பாதி முறுக்கில் அவருடைய முகம் சாம்பல் பூத்துப்போனது. ஸஹீதா பார்த்து "விடுங்கக்கா" என்றதும் அப்படியே ஈர மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னக்கா செய்யிது?"

"மூச்சு வருகுதில்ல புள்ள. நெஞ்சுக்கு மேல ஆரோ அம்மியத் தூக்கி வெச்ச மாதிரி இரிக்கி."

பிறகு அது வழமையாகிவிட்டது. நாலு விரிப்புப் பிழிந்தால் உட்காருவார். மாலையில் கால் வீங்கிச் செருப்பு நுழையாது. ஆஸ்பத்திரிக்குப் போனார். நெஞ்சைத் திரையில் காட்டுகிற எக்கோ எடுத்தார்கள். பார்த்த டொக்டர், "பம்பிங் நல்லம். இருதயம் நல்லாச் சுருங்கி விரியுது. வயசு போற நேரம் இப்பிடித்தான். மனச அமைதியா வெச்சிருங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். அக்காவுக்குப் பொய் சொல்லத் தெரியாது. கொட்டிலுக்கு வந்து அதை அப்படியே சொன்னார்.

சிவதர்ஷன் கோப்பையை மெசின்மேல் வைத்தான்.

"பம்பிங் நல்லமா? அப்ப இவ்வளவு நாளும் எங்களுக்கு நாடகமா காட்டின நீங்க? இஞ்ச பாருங்க எல்லாரும், நடிகை வந்திட்டா. கதிரை போடுங்க."

சிலர் சிரித்தார்கள். அன்றைக்கு விழுந்தது அந்தப் பேர். "நடிகை, இந்த மூட்டையத் தூக்குங்க." "நடிகைக்கு இண்டைக்கு மூச்சு வருகுதாமா?" கொட்டிலில் இருந்து சந்தைக்குப் போனது, சந்தையில் இருந்து கோயிலடிக்குப் போனது. மகளின் மாமியார் கூட, "உங்கட அம்மா நடிக்கிறாவாமே" என்று மகளிடமே கேட்டிருக்கிறா. கடைசியில் கதிர்காமத்தம்பிக்கும் சத்தம் வந்தது. வராத சத்தம் வந்து என்ன சொன்னதென்றால், "உள்ளதச் சொல்லு சீதேவி, உனக்கு மெய்யாத்தான் நெஞ்சு வருத்தமா?"

அதைக் கேட்ட அன்று வானுக்குப் பக்கத்தில் வந்து நின்றார் அக்கா. அழவில்லை. கண் சிவந்திருந்தது.

"தம்பி, எனக்கு மருந்து வேணாம். இந்த அறுவான் எந்த வாயால எனக்குப் பேர் வெச்சானோ, அந்த வாயாலயே திருப்பி எடுக்க வேணும். அதுக்குப் பிறகு நான் செத்தாலும் சரி."

அந்த நேரத்தில்தான் டொக்டர் நிஸ்றா வந்து சேர்ந்தார். காத்தான்குடிப் பெண், கொழும்பில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறவர். எக்கோவில் பம்பிங் நல்லம் என்று வந்தும் மூச்சு வாங்குகிற ஆட்களைத் தேடி எங்கள் ஊர்க் கிளினிக்குக்கு வந்திருந்தார். அக்காவை வரிசையில் கண்டு பக்கத்தில் உட்கார்ந்து, எத்தனை தலையணை வைத்துப் படுக்கிறீர்கள், கிணற்றில் தண்ணீர் அள்ளினால் என்ன செய்கிறது என்று விசாரித்திருக்கிறார். சிரிக்காமல் கேட்ட முதல் ஆள் அவர்தான் என்று அக்கா பிறகு என்னிடம் சொன்னார். நான் மருந்தெடுக்கப் போகிற சாட்டில் பக்கத்து வாங்கில் உட்கார்ந்து காதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

"எக்கோ காட்டுறது இருதயம் எப்பிடி ஆடுது எண்டு மட்டும்தான் அக்கா" என்றார் நிஸ்றா. "ஆடுறதுக்குச் சக்தி எவ்வளவு உண்டாகுது எண்டு அதில தெரியாது. நாங்க அதத்தான் அளந்து பாக்கிறம். வெட்டுறதும் இல்ல, குழாய் விடுறதும் இல்ல. பெரிய காந்த மெசினுக்குள்ள படுத்தாச் சரி. நெஞ்சுக்குள்ள இரிக்கிற பொஸ்பரஸ வெச்சி மெசின் கண்டுபிடிக்கும்."

"பொஸ்பரஸ் எண்டா? நெருப்புப்பெட்டியில தடவியிரிக்கிறதா?"

"அதேதான். எல்லாருட உடம்புக்குள்ளயும் இரிக்கி."

"ம். அதுதான் எனக்கு அந்த சிவதர்ஷனக் கண்டா பத்திக்கொண்டு வருகுது."

கதிர்காமத்தம்பி கொழும்புக்கு வர மறுத்துவிட்டார். வானுக்கு ஒரு சாமான் வாங்க நான் எப்படியும் போக இருந்தேன். ஆகவே அக்காவோடு ரயிலில் நானே போனேன். பொலன்னறுவை வரைக்கும் அக்கா சிவதர்ஷனைத் திட்டினார். அதற்குப் பிறகு அவனுடைய தகப்பனைத் திட்டினார். மாகோச் சந்தியில் கொஞ்சம் தூங்கினார்.

அந்த ஆஸ்பத்திரியில் மெசின் அறைக்கு வெளியே ஒரு வாங்கு. நான் அதில் இருந்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. சாத்தாத கதவு என்றால் எனக்கு வாசிக்கத் தெரிந்த புத்தகம் மாதிரி. நிஸ்றா அக்காவின் காப்பு, தோடு, தாலிக்கொடி எல்லாவற்றையும் கழற்றி வாங்கி வைத்துவிட்டு விளங்கப்படுத்தினார். குப்புறப் படுக்க வேண்டும். நெஞ்சுக்குக் கீழே ஒரு தட்டு இருக்கும். முதலில் சும்மா கிடக்க அளப்பார்கள். பிறகு காதுக்குள் ஒரு மணிச் சத்தம் கேட்கும். கேட்டதும் வலக் கையில் இருக்கிற பிடியை அமத்திப் பிடிக்க வேண்டும். நெஞ்சுக்கு வேலை கொடுத்து, அந்த நேரத்தில் சக்தி கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதற்கு.

"முழுப் பலத்தையும் போட வேணாம் அக்கா, அரைவாசியும் வேணாம். களைச்சாக் கைய விட்டிருங்க. நாங்க அதோட நிப்பாட்டிருவம். ஏலாட்டி மற்றக் கையில இரிக்கிற பந்த நசுக்குங்க, ஓடி வருவம்."

"ஓம்" என்றார் அக்கா.

மெசினை ஓட்டுகிற பெடியனுக்குத் தமிழ் தெரியாது. நிஸ்றா முதல் அளவை முடிக்கும்வரை நின்றார். பிறகு வார்டில் இருந்து அவசரமாகக் கூப்பிட்டதால் போய்விட்டார். உள்ளே மெசின் தட்டுமுட்டென்று அடித்தது. மணி அடித்திருக்க வேண்டும், எனக்குக் கேட்கவில்லை. பெடியன் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்து திரையைப் பார்த்தான். பார்த்தான், பார்த்துக்கொண்டே இருந்தான். கையை விட்டால் நிறுத்து என்று அவனுக்குச் சொல்லியிருந்தார்கள். கை விடவில்லை, அவனும் நிறுத்தவில்லை. கொஞ்ச நேரத்தில் அவன் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு எழும்பினான். அதற்குள் நிஸ்றா திரும்பி வந்தார். திரையை ஒருதரம் பார்த்தார். அவ்வளவுதான், செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு உள்ளே ஓடினார்.

அக்காவை வெளியே இழுத்து எடுத்து நிமிர்த்தி இருத்தினார்கள். முகம் அன்றைக்கு முறுக்குப் பிடித்தபோது போன மாதிரியே சாம்பல். உதடு நீலம். மூச்சு அறுந்து அறுந்து வந்தது. வலக் கை இன்னும் அந்தப் பிடியை இறுக்கிக்கொண்டே இருந்தது. நிஸ்றா விரலை ஒவ்வொன்றாகப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

நான் வாசலில் நின்று, "அக்கா, விடு" என்றேன்.

கை திறந்தது.

மூக்கில் காற்றுக் குழாய் வைத்து, மூச்சு ஓரளவு திரும்பிய பிறகு நிஸ்றா கேட்டார். கோபமா பயமா என்று தெரியவில்லை.

"களைச்சா விடச் சொன்னன்தானே அக்கா? ஏன் விடல்ல? பந்தையாவது நசுக்கியிரிக்கலாமே?"

"நீ விடு எண்டு சொல்லல்லியே புள்ள."

"நீங்களே விடலாம் எண்டுதான் சொன்னன்."

"நானே விட்டா? களைச்சுப் போனன் எண்டு நானே சொன்னா ஆரு நம்புற? ரெண்டு வருசமா அதத்தானே சொல்லித் திரியிறன். ஒரு நாய் நம்பிச்சா?"

எனக்கு அந்த இடத்தில் சிவதர்ஷனின் கழுத்து கையில் கிடைத்திருந்தால், அதை நானும் "விடு" கேட்காமல் விட்டிருக்க மாட்டேன்.

பின்னேரம் எங்களை ஒரு அறைக்குக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். கோடு ஒன்று மேடும் பள்ளமுமாக ஓடியது. ஓர் உயரமான மலை, பக்கத்தில் சின்ன மலைகள்.

"இது நல்ல சுகமான ஒரு ஆளுடைய நெஞ்சு. இந்த உயரமான மலைதான் இருதயம் அவசரத்துக்கு எண்டு வெச்சிரிக்கிற சக்தி. இப்ப உங்கடதப் பாருங்க."

அக்காவின் கோட்டில் அந்தப் பெரிய மலை இல்லை. சின்ன மலைகளோடு சின்ன மலையாகக் குந்திக்கொண்டிருந்தது.

"இது சும்மா படுத்திரிக்கக்குள்ள எடுத்தது. சும்மா இரிக்கக்குள்ளயே அரைவாசிதான். பிடிச்சுக்கொண்டிரிக்கக்குள்ள அதுவும் கரைஞ்சிட்டுது. உங்கட இருதயம் நல்லாத்தான் ஆடுது அக்கா, எக்கோ சொன்னது பொய் இல்ல. வயலுக்குத் தண்ணி இறைக்கிற மெசின் சுத்துது, ஆனா எண்ணெய் சரியா எரியுதில்ல. பாரம் குடுத்தா நிக்கப் பாக்குது. அதுதான் உங்கட மூச்சு."

அக்கா திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். அந்தக் குட்டி மலையை விரலால் தொட்டார்.

"அப்ப நான் நடிக்கல்ல."

"நடிக்கல்ல அக்கா. இத நடிக்க ஒருத்தராலயும் ஏலா."

"சரி. இத ஒரு கடதாசியில அடிச்சித் தா. நான் கொண்டுபோய் ஒருத்தன்ட மூஞ்சில ஒட்ட வேணும்."

நிஸ்றாவின் முகம் மாறியது. இது ஆராய்ச்சி. இந்த அளவை வைத்து ஒருவருக்கும் சான்றிதழ் எழுத அனுமதி இல்லை. அதுமட்டுமில்லை, பிடியை அமத்தி எடுத்த அளவை ஆராய்ச்சியிலேயே சேர்க்க மாட்டார்களாம். சொன்ன அளவுக்கு மேலே பிடித்துவிட்டாராம். ஆராய்ச்சியை நடத்துகிற பெரிய டொக்டர் அதைத் தள்ளிவிடச் சொல்லிவிட்டாராம். ஊர்க் கிளினிக்கோடு தானே பேசி மருந்தை மாற்ற வைப்பதாகச் சொன்னார். மன்னிப்பும் கேட்டார்.

சொல்லுங்கள் பார்ப்போம். ஒரு மனுசி உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு காட்டியிருக்கிறா. நம்பாதவனுக்குக் கடதாசி வேண்டும். நம்பினவர்களுக்குக் கடதாசி கொடுக்க அதிகாரம் இல்லை. படித்தவர்கள் உலகத்தை இப்படித்தான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். நான் ஏழாம் வகுப்போடு விட்டது எவ்வளவு புத்தி.

அக்கா கத்தவில்லை. "கடதாசி வேணாம்" என்றார். "எழுத ஏலாட்டி வாயால சொல்லு. நான் ஆளக் காட்டுறன்."

அப்படித்தான் ஊருக்குத் திரும்பிய அடுத்த நாள், ஸஹீதாவின் போனில் நிஸ்றாவுக்குப் படத்தோடு பேசுகிற கோல் எடுத்தார்கள். ஸஹீதா போனைச் சிவதர்ஷனின் முகத்துக்கு நேரே பிடித்தாள். சத்தத்தைக் கடைசி மட்டும் கூட்டினாள். கொட்டிலில் இருந்த எல்லோரும் சுற்றி நின்றார்கள். நானும் மூட்டை ஏற்றாமல் நின்றேன்.

"தம்பி, நான் டொக்டர் நிஸ்றா. சீதேவியக்காட இருதயத்த நாங்க அளந்து பாத்தம். அவக்கு வருத்தம் மெய்தான். பாரம் பிடிச்சிப் பிழியிற வேலை ஏலா. இருந்த இடத்தில செய்யிற வேலை குடுங்க. அவ நடிக்கல்ல."

"சரி டொக்டர், ரிப்போட்ட அனுப்புங்க."

"ரிப்போட் தர எங்களுக்கு அனுமதியில்ல. நான் வாயால சொல்றன், இஞ்ச இரிக்கிற எல்லாரும் கேக்கிறாங்க."

சிவதர்ஷன் தோளைக் குலுக்கினான்.

"சரி, வருத்தக்காரி எண்டா வருத்தக்காரி. இது ஆஸ்பத்திரி இல்ல டொக்டர். நாளையில இருந்து அவ வரத் தேவையில்ல."

கோல் கட்டானது. அக்கா அவனுக்கு முன்னால் போய் நின்றார்.

"நடிச்ச வரைக்கும் எனக்கு இஞ்ச வேலை இரிந்திச்சு. வருத்தமெண்டு தெரிஞ்ச உடன வேலை இல்ல. அப்ப என்னடா, இவ்வளவு நாளும் நீ எனக்குச் சம்பளம் தந்தது நடிக்கிறதுக்கா?"

ஸஹீதா போனைச் சட்டைப்பைக்குள் வைத்தாள். பக்கத்தில் கிடந்த ஈர விரிப்பைப் பார்த்தாள். எடுக்கவில்லை.

"எனக்கும் நெஞ்சு நோகுது தம்பி" என்றாள். "கொழும்புக்கு ஏத்தினா எனக்கும் மலை இல்லாமத்தான் இரிக்கும். இவவுக்கு இஞ்ச வேலை இல்லாட்டி எனக்கும் இல்ல. பிழியிறண்டா அந்த மெசினத் திருத்திப் பிழியுங்க."

ஒருத்தி தோள் என்றாள். இன்னொருத்தி இடுப்பு என்றாள். எல்லோரும் போய் மூட்டைகள்மேல் உட்கார்ந்துவிட்டார்கள். துவைத்த விரிப்புகள் தொட்டியில் புளிக்கத் தொடங்கின.

என் பங்குக்கு நான் பாசிக்குடாவில் ஒவ்வொரு ஹோட்டலுக்கும் போன் எடுத்தேன். "விரிப்பு வராது ஐயா. பிழியிற மெசின் இல்ல. பொம்பிளையளும் இல்ல. வெள்ளைக்காரர வெறும் மெத்தையில படுக்கச் சொல்லுங்க" என்றேன். என் வாழ்நாளில் பரப்பின செய்திகளில் இந்த அளவுக்கு வேலை செய்தது ஒன்றும் இல்லை. பின்னேரத்துக்குள் முதலாளி சிவதர்ஷனுக்குப் போன் எடுத்து உறுமினார். நான் தள்ளி நின்றபடியால் அரைவாசிதான் கேட்டது. அந்த அரைவாசியை இங்கே அச்சில் போட முடியாது.

அடுத்த நாள் டவுனில் இருந்து ஒருவன் வந்தான். சிவதர்ஷனின் கோப்பையை எடுத்துக் கீழே வைத்தான். மெசினைக் கழற்றி, ஒரு ரப்பர்ப் பட்டியை மாற்றினான். அது உறுமிக்கொண்டு சுற்றத் தொடங்கியது. ஒரு பட்டி. அதற்காகத்தான் இத்தனை பேரின் தோளும் இடுப்பும் ஒரு நெஞ்சும்.

அக்காவை ஒருவரும் கூப்பிடவில்லை. அவரே வந்தார். யாரிடமும் கேட்காமல் மடிக்கிற மேசைக்குப் போய், கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலையணை உறைகளை மடிக்கத் தொடங்கினார். சிவதர்ஷன் பார்த்தான். தூக்கி வெளியே போட அவனுக்கு மனம் இருந்தது, தைரியம் இல்லை. ஆனால் பேரும் சொல்ல மாட்டான். "இந்தா", "ஒய்", "அந்த மேசையில இரிக்கிறவ" என்று மூன்று நாலு நாள் ஓட்டினான். அக்காவுக்கு அப்போதெல்லாம் காது கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை பாசிக்குடாவில் கல்யாணக் கூட்டம். உறைகளைக் கெதியாகக் கொண்டுபோக வேண்டும். நான் வான் கதவைத் திறந்து வைத்துவிட்டு ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தேன். கட்டின மூட்டை அக்காவின் காலடியில் இருந்தது.

"இந்தா, அந்த மூட்டை" என்றான் சிவதர்ஷன்.

அக்கா அடுத்த உறையை எடுத்து உதறினார்.

"வான் நிக்குது, மூட்டையக் குடுங்க."

உறையை மேசையில் விரித்து, மூலையோடு மூலை சேர்த்துத் தடவினார். மெசினை நிறுத்திவிட்டு ஸஹீதா திரும்பிப் பார்த்தாள். எல்லோரும் பார்த்தார்கள். நான் ஹோர்னை விட்டேன்.

"சீதேவியக்கா" என்றான், தொண்டைக்குள்.

கேட்கவில்லை.

"சீதேவியக்கா, அந்த மூட்டையக் கொஞ்சம் எடுத்துத் தாறீங்களா?"

இந்த முறை வாவிக்கரை வரைக்கும் கேட்டிருக்கும். அக்கா மடித்த உறையை அடுக்கின்மேல் வைத்தார். மூட்டையைக் காலால் அவன் பக்கம் தள்ளினார்.

"எனக்குப் பாரம் தூக்க ஏலா" என்றார். "நீ வந்து எடு."